பழனி மலையடிவாரப் பாசிமேடும் ஜொகூர் ஆற்று மணிகளும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய நண்பர் ஒரு கேள்வியை அவையின் முன் வைத்துவிட்டு அமர்ந்தார். "ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் இந்த நாட்டுக்கு வந்துவிட்டான் என்று மேடைக்கு மேடை பேசுகிறோமே, அதற்குச் சான்று எங்கே?" என்பதுதான் அந்தக் கேள்வி. நியாயமான கேள்வி. கைதட்டல் வாங்கும் பதிலும் அதற்கு உண்டு, கொஞ்சம் பொறுமையோடு கேட்க வேண்டிய பதிலும் உண்டு. நான் இரண்டாவதைச் சொல்லப் போகிறேன். அதைச் சொல்ல உங்களை முதலில் நம் ஜொகூர் ஆற்றங்கரைக்கும், பிறகு பழனி மலைக்கும் அழைத்துப் போக வேண்டியிருக்கிறது.

ஆற்றங்கரையில் கிடைத்த மணிகள்

1930களில் ஜொகூரில் சுங்க அதிகாரியாக இருந்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். அலுவலக வேலை போக எஞ்சிய நேரத்தில் பழம்பொருள் தேடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. கோத்தா திங்கிக்குக் கீழே, ஜொகூர் லாமா பக்கமெல்லாம் ஆற்றங்கரையில் தேடிப் பழைய மணிகளைச் சேர்த்தார். அவற்றுள் சில ரோமப் பேரரசுக் காலத்தவை என்று கருதி, மலாயாவுக்கும் ரோமுக்கும் கடல்வழித் தொடர்பு இருந்ததற்கு இவை சான்று என 1937ஆம் ஆண்டில் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார்.

ஜொகூரில் ரோமானிய மணி! கேட்கவே இனிக்கிறது, இல்லையா? ஆனால் மணி என்பது கையடக்கமான பொருள். தாய் மகளுக்குக் கொடுப்பாள், மகள் பேத்திக்குக் கொடுப்பாள். கைமாறிக் கைமாறி நூற்றாண்டுகளைக் கடந்து, ஆயிரம் மைல் தாண்டிப் போய்விடும். ஒரு மணி கிடைத்த இடத்தில் அதைச் செய்தவன் வாழ்ந்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆகவே பிற்காலத்து ஆய்வாளர்கள் இந்த முடிவை எச்சரிக்கையோடுதான் அணுகினார்கள்.

இந்த எச்சரிக்கை எவ்வளவு தேவை என்பதை ஜொகூர்க்காரர்களாகிய நாம் 2005இல் அனுபவித்தே தெரிந்துகொண்டோம். "ஜொகூர்க் காட்டுக்குள் மறைந்துபோன கோத்தா கெலாங்கி நகரம்" என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. ராஜா சோழன் கெலாங்கியின் மீது படையெடுத்த கதை 'செஜாரா மெலாயு'வில் இருப்பதால் நம்மவர்களுக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. அதே ஆண்டு அரசு நியமித்த குழு ஒன்று காட்டுக்குள் போய்த் தேடியது. அப்படி ஒரு நகரத்தின் தடயம் கிடைக்கவில்லை என்று 2006இல் அறிவித்தார்கள். செய்தி வந்தபோது பேசிய அளவுக்கு, தடயம் இல்லை என்ற அறிவிப்பைப் பற்றி நாம் பேசினோமா? இல்லை.

சரி, அந்த மணிகள் எங்கிருந்து புறப்பட்டிருக்கலாம்? இதற்குப் பதில் தேடினால்தான் நாம் பழனிக்குப் போய்ச் சேருவோம்.

பழனி மலையின் மறுபக்கம்

பழனி என்றால் நமக்குக் காவடி, பஞ்சாமிர்தம், தண்டாயுதபாணி. இங்கிருந்து தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களில் பழனிக்குப் போகாமல் திரும்புகிறவர்கள் குறைவு. ஆனால் கோயிலிலிருந்து தென்மேற்கே சில கிலோமீட்டர் தூரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பொருந்தல் என்ற சிற்றூர் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பழனியின் சங்ககாலப் பெயர் பொதினி. மயிலுக்குப் போர்வை தந்த பேகன் ஆண்ட பகுதி அது. பொருந்தில் இளங்கீரனார் என்று ஒரு சங்கப் புலவர் உண்டு. அவருடைய ஊர் இந்தப் பொருந்தலாகவே இருக்க வேண்டும் என்பது தொல்லியல் அறிஞர் கா. ராஜனின் கருத்து. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர், 2009, 2010ஆம் ஆண்டுகளில் இங்கே அகழாய்வு நடத்தினார்.

ஊரை ஒட்டி ஒரு மேடு. மக்கள் அதைப் 'பாசிமேடு' என்று அழைக்கிறார்கள். பாசி என்றால் இங்கே மணி. மழை பெய்து மண் கரைந்தால் மேலே கண்ணாடிப் பாசிகள் தென்படும், அதனால் அந்தப் பெயர். தோண்டிப் பார்த்தபோது சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எனக் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. மணி செய்த உலையின் தடயமும் கிடைத்தது. அதாவது, அது மணிகளை வாங்கி அணிந்த ஊர் மட்டுமல்ல, மணிகளைச் செய்த ஊர்.

வாழ்ந்த மேட்டுக்கு அப்பால் புதைகாடு. பெரிய பெரிய கற்களை வட்டமாக அடுக்கி, நடுவே நிலத்துக்குள் கற்பலகைகளால் அறை அமைத்து, மேலே மூடுகல் வைத்த ஈமச் சின்னங்கள். ஓர் அறைக்குள் நான்கு கால்கள் கொண்ட ஒரு சாடி இருந்தது. அதற்குள் ஏறக்குறைய 2 கிலோ நெல்! மண்ணுக்கடியில் அப்படியே இருந்தது. அதே கல்லறையில் கிடைத்த புரிமனை ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் 'வயிர' என்று கீறியிருந்தது. அந்த நெல்லை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிக் கரிமக் கணிப்புச் செய்தபோது கி.மு. 490 என்று வந்தது.

தமிழ் எழுத்தின் தொன்மையைப் பற்றிய விவாதத்தில் இந்த நெல்மணிகளுக்குத் தனி இடம் உண்டு. ஒரே ஒரு கல்லறையை வைத்து எழுத்தின் காலத்தை முடிவு செய்யலாமா என்று கேட்ட அறிஞர்களும் உண்டு. அப்படிக் கேட்பது தமிழுக்கு எதிரானது அல்ல. கேள்வி கேட்டதால்தான் மேலும் பல இடங்களில் தோண்டினார்கள். 2019இல் வெளியான கீழடி அறிக்கையும் கி.மு. ஆறாம் நூற்றாண்டை நோக்கிக் கை காட்டியது.

நெல் கி.மு. காலத்தது என்றாலும், பாசிமேட்டில் மணித்தொழில் நடந்த வாழ்க்கை ரோமப் பேரரசின் செழிப்பான காலம்வரை நீண்டது. நம் தலைப்புக்குத் தேவையான காலம் அதுதான்.

மலைமேல் கல்வீடுகள்

அடிவாரத்தை விட்டு மலைமேல் ஏறுவோம். பழனி மலைத்தொடரின் கீழ்த்தட்டில் தாண்டிக்குடி என்று ஓர் ஊர் இருக்கிறது. அதைச் சுற்றிலும் கல்திட்டைகளும் கல்பதுக்கைகளும் இருக்கின்றன. நிலத்துக்கு மேலே கல்வீடு போல நிற்பது கல்திட்டை, நிலத்துக்குள் புதைந்திருப்பது கல்பதுக்கை. கொடைக்கானல் அருகே செண்பகனூரில் இருந்த அங்ளாட் என்ற பாதிரியாரும் நியூட்டன் என்பவரும் இந்த மலையின் கல்திட்டைகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தார்கள். அவர்களுடைய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. பின்னர் 2000களில் தாண்டிக்குடியிலும் ராஜன் அகழாய்வு செய்தார். புதைகாடு மட்டுமல்லாமல் மக்கள் வாழ்ந்த இடத்தின் தடயங்களும் வெளிப்பட்டன.

மலைமேல் இவ்வளவு பேர் எதற்காக வாழ்ந்தார்கள்? மலையில் மிளகு, ஏலம், தேன், நல்ல மரம் இருந்தன. சமவெளியில் உப்பும் நெல்லும் இரும்பும் இருந்தன. மேலே உள்ளது கீழே வர வேண்டும், கீழே உள்ளது மேலே போக வேண்டும். மதுரையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போகும் வழிகள் இந்த மலைகளை ஒட்டியே சென்றன. வழி இருந்த இடத்தில் ஊர் எழுந்தது. ஊர் இருந்த இடத்தில் புதைகாடும் இருந்தது.

மேற்குக் கரையில் முசிறித் துறைமுகம். அங்கிருந்து மிளகு செங்கடல் வழியாக எகிப்துக்கும், எகிப்திலிருந்து ரோமுக்கும் போனது. எகிப்தின் பெரெனிகே துறைமுகத்தில் 7 கிலோவுக்கு மேற்பட்ட மிளகு ஒரு சாடியில் அப்படியே கிடைத்தது. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை ரோமிலிருந்து உறிஞ்சுகிறது என்று பிளினி புலம்பி எழுதினார். அந்தப் பணத்தில் ஒரு பகுதி கொங்கு நாட்டு மண்ணிலேயே தங்கிவிட்டது. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ரோமர்கள் பழனி மலையில் ஊர் அமைத்துக் குடியிருந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரோமின் காசு வந்தது. ரோமின் தேவை வந்தது. அந்தத் தேவைக்கு உழைத்தவர்கள் நம் மண்ணின் மக்கள்.

கொடுமணலின் பெயர்கள்

உழைத்தவர்கள் யார் என்பதற்குக் கொடுமணல் பதில் சொல்கிறது. ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் ஆற்றின் கரையில் உள்ள ஊர் அது. சேரர் தலைநகரான கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரைக்குப் போகும் பெருவழியில் இருந்தது. பதிற்றுப்பத்து இதைக் கொடுமணம் என்று குறிப்பிட்டு, அணிகலன்களுக்குப் பெயர்போன ஊராகக் காட்டுகிறது. 1985 முதல் பல கட்டங்களாக இங்கே அகழாய்வு நடந்திருக்கிறது.

பக்கத்தில் படியூரில் பச்சைக்கல், சிவன்மலையில் நீலக்கல், உள்ளூரிலேயே பளிங்குக்கல். சூதுபவளம் மட்டும் தொலைதூரத்திலிருந்து வந்தது. இவற்றை வெட்டி, தீட்டி, துளையிட்டு மணியாக்கினார்கள். இரும்பு உருக்கினார்கள். எஃகும் செய்தார்கள். ஒரு கல்லறையில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. இன்னொரு கல்லறையில் கல் பதித்த வெண்கலப் புலி ஒன்று கிடைத்தது.

இந்தக் கல்லறைகளைப் பார்த்து வியக்காதவர் இல்லை. ஒரு பலகைக் கல்லை நிறுத்தவே பலர் சேர்ந்து பாடுபட வேண்டும். நான்கு புறமும் கல் நிறுத்தி, ஒரு கல்லில் வட்டமாகத் துளையிட்டு, மேலே மூடுகல் ஏற்றி, சுற்றிலும் வட்டம் அடுக்குவதென்றால் எத்தனை பேர், எத்தனை நாள்? அதற்கெல்லாம் சோறு போட்டவர் சாதாரண ஆளாக இருக்க முடியாது.

அப்படியானால் அந்த இரண்டாயிரம் மணிகளுக்குத் துளையிட்டவன் எங்கே புதைக்கப்பட்டான்? துளையிடும்போது உடைந்த மணி, பாதி தீட்டிய கல், சிதறிய சில்லு என அவனுடைய தடயமெல்லாம் வாழ்விடத்தின் குப்பையில்தான் இருக்கிறது. பெரிய கல்லறை உடைமையாளரைப் பற்றிச் சொல்கிறது. குப்பைமேடு உழைப்பாளியைப் பற்றிச் சொல்கிறது. அதனால்தான் நல்ல ஆய்வாளர் கல்லறையை மட்டும் தோண்டிவிட்டுப் போவதில்லை. ஊரையும் தோண்டுகிறார்.

அந்தக் குப்பையில் ஓர் அதிசயமும் இருந்தது. எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், நூற்றுக்கணக்கில்! கண்ணன் ஆதன், சம்பன் சுமணன் என்று பெயர்கள். அரசன் வெட்டிய கல்வெட்டு அல்ல. யாரோ ஒருவர் தம் பானையில் கூரிய முனையால் கீறிய பெயர். செங்கடல் கரையில் குசேர் அல்-கதிமில் கணன், சாதன் என்ற பெயர்கள், பெரெனிகேயில் கொற்றபூமான் என்ற பெயர், இவையும் பானை ஓடுகளில்தான் கிடைத்தன. கொடுமணலில் பெயர் எழுதிய அதே பழக்கம் எகிப்துவரை போயிருக்கிறது.

கிழக்கே வந்த பாதை

மேற்கே போனவர்கள் கிழக்கே வராமல் இருப்பார்களா? தாய்லாந்தின் தென்பகுதியில், கிராபி மாநிலத்தில், குவான் லுக் பாட் என்று ஓர் இடம் இருக்கிறது. அந்தத் தாய்மொழிப் பெயருக்குப் பொருள் என்ன தெரியுமா? பாசிமேடு! அங்கும் கண்ணாடி மணிகள் கொட்டிக் கிடந்தன. அங்கே கிடைத்த பொன் உரைக்கும் கல் ஒன்றில் 'பெரும்பதன் கல்' என்று தமிழில் பொறித்திருக்கிறது. கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டு எழுத்து. பெரும்பதன் என்ற பொற்கொல்லரின் உரைகல் அது. கொஞ்சம் வடக்கே, பூ காவ் தோங் என்ற இடத்தில் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுத் தமிழ் பிராமிப் பானை ஓடும் கிடைத்தது.

நண்பர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தமிழன் இந்த வட்டாரத்துக்கு வந்தான் என்பதற்கு உறுதியான சான்று உண்டு. ஆனால் அது மாளிகையோ மறைந்த நகரமோ அல்ல. ஒரு தட்டானின் உரைகல், ஒரு பானை ஓடு, அவ்வளவுதான். வந்தவர்கள் தொழிலாளிகளும் வணிகர்களும்.

பேராக்கில் சுங்காய், சிலிம் பக்கம் கற்பலகைக் கல்லறைகள் இருக்கின்றன. 1920களின் பிற்பகுதியில் ஐவர் ஈவன்ஸ் அவற்றை ஆராய்ந்தார். மணிகளும் இரும்புக் கருவிகளும் கிடைத்தன. பார்ப்பதற்கு நம் கல்பதுக்கை போலவே இருக்கின்றன. அதனால் அவை தமிழர் கல்லறைகள் என்று உடனே எழுதிவிடலாமா? கூடாது. கல் கிடைக்கும் நாட்டில் கல்லால் பெட்டி செய்து இறந்தவரைக் கிடத்துவது உலகின் பல மக்களுக்கும் தோன்றிய யோசனை. அவை இந்த மண்ணில் வாழ்ந்தவர்களின் கல்லறைகள். அவர்களுக்கு உரிய மரியாதையை அவர்களுக்கே கொடுப்போம்.

நம் தோட்டத்து இடுகாடு

இதுவரை சொன்னது பழங்கதை. இனிச் சொல்வது நம் கதை.

குளுவாங் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன் நான். தோட்டத்தின் பெயர் வேண்டாம். என் தாத்தா அங்கே பால்மரம் வெட்டியவர். அவர் இறந்தபோது தோட்டத்து இடுகாட்டில் புதைத்து, தலைமாட்டில் சிறிதாகச் சிமெண்டு மேடை கட்டினார்கள். சிமெண்டு காய்வதற்குள் என் பெரியப்பா ஓர் ஆணியை எடுத்து, தாத்தாவின் பெயரையும் ஊர்ப் பெயரையும் இறந்த தேதியையும் தமிழில் கீறினார். பெரியப்பா நான்காம் வகுப்புவரை படித்தவர். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருந்தது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நாங்கள் பட்டணத்துக்கு வந்துவிட்டோம். தோட்டம் கைமாறியது. சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தைப்பூசத்துக்கு மறுநாள், பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று போனேன். இடுகாடு இருந்த மேடு சமப்படுத்தப்பட்டு, வீட்டு மனைகளுக்குக் கல் நட்டிருந்தார்கள். அறிவிப்பு ஒட்டினோம், யாரும் வரவில்லை என்றார்கள். தோட்டத்தை விட்டுப் போனவர்களுக்கு, தோட்டத்து வாசலில் ஒட்டிய அறிவிப்பு எப்படித் தெரியும்? யாரையும் குற்றம் சொல்லி இப்போது பயனில்லை. அந்தக் கல்லறையைப் பலமுறை பார்த்திருந்தும், அதை ஒரு படம் எடுத்து வைக்கத் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

கொடுமணலின் பானை ஓட்டைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பாவின் ஆணிதான் நினைவுக்கு வரும். பழனி மலையின் மணித்தொழிலாளிக்குக் கல்லறையில் பெயர் இல்லை. நம் தாத்தா பாட்டிகளுக்குப் பெயர் இருந்தது. கூலியாக வந்தவர்கள், தங்கள் மொழியில் தங்கள் பெயரை எழுதி, இந்த மண்ணில் நட்டுவிட்டுப் போனார்கள். எந்தக் கோட்டையை விடவும் அது நமக்குப் பெரிய சான்று. அதை நம் கண் முன்னாலேயே இழந்துகொண்டிருக்கிறோம்.

பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டி 2013இல் மண்வாரி இயந்திரத்தால் இடிபட்ட செய்தி வெளிவந்தபோது நாமெல்லாம் கொதித்தோம். கொதிக்க வேண்டியதுதான். ஆயிரம் ஆண்டுப் பழைய சண்டிக்கே அந்த நிலை என்றால், எழுபது ஆண்டுப் பழைய தோட்டத்து இடுகாட்டுக்கு யார் காவல்?

நாம் செய்யக்கூடியது

பெரிய காரியம் எதையும் நான் கேட்கவில்லை. உங்கள் பழைய தோட்டத்து இடுகாடு இன்னும் இருக்கிறதா என்று இந்த வாரக் கடைசியில் போய்ப் பாருங்கள். இருந்தால் ஒவ்வொரு கல்லறையையும் படம் எடுங்கள். எழுத்து தேய்ந்திருந்தால் பக்கவாட்டில் வெளிச்சம் விழும் காலை நேரத்தில் எடுங்கள், கீறல் தெரியும். பெயர், ஊர், தேதி மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். அந்தப் பெயர் யாருடையது என்று சொல்லக்கூடிய முதியவர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். அவர் காலம் முடிந்தால் அந்த விளக்கமும் முடிந்துவிடும். கோயில் நிர்வாகத்திடம் ஒரு பிரதி, உங்கள் வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும். நிலம் விற்பனைக்கு வருகிறது என்று காதில் விழுந்தால், அறிவிப்பு ஒட்டும்வரை காத்திராமல் முன்கூட்டியே எழுத்து மூலம் கேளுங்கள்.

ஆற்றங்கரையிலோ தோட்டத்திலோ பழைய மணியோ பானை ஓடோ கிடைத்தால் வீட்டுக்கு எடுத்துப் போய்விடாதீர்கள். கிடைத்த இடத்தை விட்டு எடுத்த மணி அழகுப் பொருள் மட்டுமே. இடத்தோடு இருக்கும்வரைதான் அது சான்று. கார்ட்னரின் மணிகளைப் பற்றி இன்றுவரை உறுதியாகப் பேச முடியாமல் போனதற்கு ஒரு காரணம், அவை மண்ணின் எந்த அடுக்கில் இருந்தன என்ற விவரம் இல்லாததுதான். 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டமும் இத்தகைய பொருள் கிடைத்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

அடுத்த முறை பழனிக்குப் போகிறவர்கள், மலையிறங்கியதும் பொருந்தல் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். பார்ப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு மேடு, சில கற்கள். ஆனால் அங்கே நின்று, உங்கள் தோட்டத்து இடுகாட்டை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வந்ததும் அந்த நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கிவிடுவீர்கள்.